பாதையின் ஹக்கு



ஆலிம்களும் பட்டம் பெற்றவர்களும் எழுதிவரும் இப்பக்கத்தில், மதரஸாவில் ஓதியதையும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்ததையும் தவிர வேறு படிப்பில்லாத ஒரு மளிகைக் கடைக்காரன் எழுத முன்வந்ததைப் பொறுத்துக்கொள்ளுமாறு முதற்கண் வேண்டிக்கொள்கிறேன். விஷயம் நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கே உரியது. வண்டியை ஓட்டுவதில் உள்ள ஆபத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பிள்ளைகளுக்குப் புத்தியும் சொல்கிறோம். வண்டியை நிறுத்துவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அது வண்டிக்காரனை விட்டுவிட்டு, நடந்து போகிறவனைப் பிடிக்கிறது. இதை நான் என் கடை வாசலில், என் குற்றத்தினாலேயே தெரிந்துகொண்டேன்.

முதலில் அஞ்சடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் நாம் திறந்து, கூட்டி, தண்ணீர் தெளிக்கிற இடம்தான். ஆனால் அது எப்படி வந்தது என்று நம்மில் பலர் யோசித்ததில்லை. 1822-ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் துரை சிங்கப்பூர் நகரை ஒழுங்குபடுத்த ஒரு குழுவை அமைத்தார். அதற்கு அவர் கொடுத்த உத்தரவுகளில் ஒன்று, தெருவோரம் வீடு கட்டுகிறவர்கள் முன்புறத்தில் கூரையிட்ட ஒரு நடையை விடவேண்டும், அது வீட்டுக்கு வீடு தொடர்ந்து செல்லவேண்டும், எந்நேரமும் திறந்திருக்கவேண்டும் என்பதாகும். நாளடைவில் இவ்வழக்கம் பினாங்கு, மலாக்கா, ஈப்போ, கோலாலம்பூர் என்று பல ஊர்களிலும் வேரூன்றியது. நம் வெயிலையும் மழையையும் அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அஞ்சடி என்று பெயரே தவிர, அளந்து பார்த்தால் ஐந்தடிக்குக் கூடவும் இருக்கும், குறையவும் இருக்கும். பழைய கடைவீடுகளில் நிலம் பெரும்பாலும் கட்டடக்காரர் பெயரில் இருக்கும். அதில் நடக்கும் உரிமை ஊராருடையது.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்திருப்பதால் தகராறும் அன்றே தொடங்கிவிட்டது. 1888-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சிங்கப்பூர் நகராண்மையார் அஞ்சடிகளில் அடைத்து வைத்திருந்த சரக்குகளை அகற்ற முற்பட்டபோது, கடைகள் அடைக்கப்பட்டு, தெருவில் கலவரமே மூண்டது. ஆகவே நம்முடைய பழக்கம் நேற்று வந்த பழக்கமல்ல. வயது நூற்றுக்கு மேல். பழைய பழக்கம் என்பதால் அது நல்ல பழக்கமாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

என் கடை ஜார்ஜ்டவுனில், சூலியா தெருவிலிருந்து பிரிகிற ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. லுஹருக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. மொத்தக் கடையிலிருந்து சரக்கு லோரி வந்து ரோட்டில் நின்றது. என்னுடைய வேன் காலையிலிருந்தே கடைக்கு எதிரில், இரண்டு சக்கரம் மேட்டில் ஏறியபடி நின்றுகொண்டிருந்தது. வெங்காய மூட்டையும் உருளைக்கிழங்கு மூட்டையும் அஞ்சடியில் குறுக்காக இறங்கிக்கொண்டிருந்தன. ஏற்கெனவே தூணோரத்தில் எண்ணெய் டின்கள். சுவரோரத்தில் அரிசிப் பைகள். நடுவில் இருந்த வழி ஒன்றரை அடிகூட இல்லை. அதிலும் ஒரு மூட்டை சாய்ந்து கிடந்தது.

அந்நேரம் நம் பெரியவர் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். சாப்பாட்டுக் கடைகளில் முப்பது ஆண்டுக்கு மேல் சமையல் செய்து ஓய்ந்தவர். தினமும் லுஹருக்கும் அஸருக்கும் அஞ்சடி வழியாகவே பள்ளிவாசலுக்கு நடந்து போவார். போகிற வழியில் என் கல்லாவைப் பார்த்து ஸலாம் சொல்லாமல் போனதில்லை. அன்றும் ஸலாம் சொல்லிவிட்டு மூட்டைக்கு முன்னால் நின்றார். நான் கையில் பில்லை வைத்துக்கொண்டு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறிவிடுமே என்ற எரிச்சலில், தலையைத் தூக்காமலே, "மாமா, கொஞ்சம் இறங்கிச் சுத்திப் போங்க" என்று சொன்னேன்.

அவர் இறங்கினார். எங்கள் தெருவில் அஞ்சடிக்கும் ரோட்டுக்கும் நடுவே வடிகால் ஓடுகிறது. அதன் மேல் கிடந்த பலகைக்கல்லில் கால் வைத்து, என் வேனுக்கும் லோரிக்கும் இடையில் இருந்த சந்தில் நுழைந்து, லோரியின் மூலையைக் கடந்து ஓர் எட்டு வைத்தார். உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் ஒரு மலாய்ப் பையனின் மோட்டார் சைக்கிள் அவரை இடித்துவிட்டது. அந்தப் பையன் வேகமாக வரவில்லை, நான் பார்த்தேன். அவன் கண்ணுக்கு லோரி தெரிந்தது, மனிதன் தெரியவில்லை. அவ்வளவுதான். விழுந்த பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பையன் எங்கள் வடிகால் ஓரத்தில் உட்கார்ந்து கை நடுங்க அழுதுகொண்டிருந்தான். நான் கொடுத்த தண்ணீரை அவனால் குடிக்கவும் முடியவில்லை.

பிறகு போலீசார் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். பையனின் பெயர், மோட்டார் சைக்கிள் எண், மணி, இடம் எல்லாம் எழுதினார்கள். சரக்கு லோரி அதற்குள் போய்விட்டது. என் வேன் அங்கேயே நின்றது. அதன் எண்ணை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. நம் பேச்சிலும் அப்படித்தான். "மோட்டார் சைக்கிள்காரன் இடித்துவிட்டான்" என்றுதான் தெரு முழுதும் சொன்னார்கள். இறக்கிவிட்டவன் யார் என்று எவரும் கேட்கவில்லை.

சகோதரர்களே, இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கணக்கு நமக்குத் தெரிந்த வித்தை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர், அதாவது 45 அடிக்கு மேல் ஓடிவிடுகிறது. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்கே ஒரு விநாடி ஆகும். பிரேக் பிடித்த பிறகும், காய்ந்த ரோட்டில் இன்னும் 12 முதல் 14 மீட்டர் வரை ஓடித்தான் நிற்கும். ஆக மொத்தம் 26, 28 மீட்டர். மழை பெய்திருந்தால் இன்னும் அதிகம். எங்கள் தெருவில் கடைக்கு வாசல் 18, 20 அடி அகலம். நாலைந்து கடையைத் தாண்டித்தான் அந்த வண்டி நிற்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக வந்தாலும் 13 மீட்டராவது வேண்டும். திறந்த பாதையோரத்தில் நடந்து வருகிறவனை ஓட்டுகிறவன் தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்வான். நின்ற லோரிக்குப் பின்னாலிருந்து வெளிப்படுகிறவனையோ, அவன் கடைசி ஓர் எட்டு வைக்கும்போதுதான் பார்க்க முடியும். அந்த ஓர் எட்டுக்கு அரை விநாடியோ முக்கால் விநாடியோதான் ஆகிறது. நின்றுகொண்டிருக்கிற வண்டி யாரையும் இடிப்பதில்லை. ஓடுகிற வண்டிக்கும் நடக்கிற மனிதனுக்கும் நடுவே திரை போட்டுவிடுகிறது.

பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். ஏழு வயதுப் பிள்ளை ஏறத்தாழ நாலடி உயரம். வேன் ஆறடிக்கு மேல். பிள்ளைக்கு ரோடு தெரியாது, ரோட்டுக்குப் பிள்ளை தெரியாது. தெரு முனையில் நிறுத்துவது எல்லாவற்றிலும் கெடுதி. நடப்பவர்கள் ரோட்டைக் கடக்கிற இடமும் அதுதான், வண்டிகள் திரும்புகிற இடமும் அதுதான். இங்கிலாந்தின் சாலை விதிநூலில் முனையிலிருந்து 10 மீட்டருக்குள் நிறுத்தக் கூடாது என்றே இருக்கிறது. தீயணைப்பு வண்டிக்கும் அந்த முனை வேண்டும். மரத் தளமும் ஓட்டுக் கூரையுமாகச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிற நம் பழைய கடைவீடுகளில் ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்தடுத்து என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சாலை விபத்துகளில் உலக முழுதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியிருக்கிறது. அவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் நடந்து சென்றவர்கள். அவர்களில் எத்தனை பேரை நம்மைப் போன்றவர்கள் "இறங்கிச் சுத்திப் போங்க" என்று சொல்லி அனுப்பினோமோ, அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் இராது.

நம் மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று எங்கள் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டேன். ஈமானின் கிளைகளில் கடைசியானது பாதையில் கிடக்கும் துன்பம் தருவதை அகற்றுவது என்ற ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. மீலாது மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் முள்ளையும் கல்லையும்தான் நினைத்துக்கொள்கிறோம். நம் வேனை நினைப்பதில்லை. ஹஜ்ரத் அவர்கள் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார்கள். பிரயாணத்தில் இரவு தங்க நேர்ந்தால் பாதையை விட்டு ஒதுங்கித் தங்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது முஸ்லிம் கிரந்தத்தில் வந்திருக்கிறதாம். பிராணிகள் நடமாடும் வழி அது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பாதையின் அகலத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்ற தீர்ப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறதாம். முழம் ஒன்றரை அடி என்று வைத்தால் பத்தரை அடி. சுமை ஏற்றிய ஒட்டகம் தாராளமாகப் போகட்டும் என்பதற்காக என்று பெரியோர் விளக்கம் சொல்வார்களாம். பாலைவனத்தில் ஒட்டகத்துக்கு விட்ட வழியை, பினாங்கில் மனிதனுக்கு நாம் விடவில்லையே என்று எனக்குத் தோன்றியது.

பாதைக்கும் ஹக்கு உண்டு. அது மனிதர்களுக்குரிய ஹக்கைச் சேர்ந்தது; யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவரிடமே மன்னிப்புப் பெறவேண்டும் என்று ஹஜ்ரத் அவர்கள் சொன்னபோது நான் பதில் பேசவில்லை.

நாட்டுச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ ஏற்படும்படி வண்டியை ரோட்டில் நிறுத்தி வைப்பது 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். அஞ்சடியை அடைத்து வைப்பதற்கு 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் இருக்கிறது. நாமோ சம்மன் வந்தால் அதையும் வாடகை, மின்சாரம் போல் கடைச் செலவில் எழுதிவிடுகிறோம்.

நாம் சொல்லும் சமாதானங்களை நான் அறிவேன். நானே சொன்னவன். ஐந்து நிமிடம்தானே என்போம். இரண்டு பக்கத்து விளக்கையும் மினுக்க விட்டுவிட்டால் எங்கு நிறுத்தினாலும் ஹலாலாகிவிடும் என்பதுபோல் ஒரு நம்பிக்கை நம்மவர்களுக்கு இருக்கிறது. இன்னும் சிலர் கண்ணாடியில் கைப்பேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். அது நல்லதுதான், ஆனால் அது இன்னொரு வண்டிக்காரருக்கு உதவும். கையில் பையோடு வரும் அம்மா ஒருவர் அஞ்சடி முனையில் நின்று உங்களைப் பெயர் சொல்லி அழைக்கவா போகிறார்? அவர் பேசாமல் இறங்கி ரோட்டில் நடப்பார்.

எல்லாவற்றிலும் பெரிய சமாதானம் வியாபாரம். வாசலில் வண்டி நிற்காவிட்டால் வாடிக்கை போய்விடும் என்ற பயம். இந்தப் பயம் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வாரம் கல்லாவில் உட்கார்ந்து கவனித்துப் பார்த்தேன். என் கடைக்கு நடந்து வருகிறவர்களே அதிகம்: பக்கத்துக் கடைச் சிப்பந்திகள், மாடி வீட்டுக் குடும்பங்கள், பள்ளிவாசலுக்கு வந்து போகிறவர்கள், இந்நகரைப் பார்க்க வரும் வெளிநாட்டார். 2008-ஆம் ஆண்டு ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக்கியதிலிருந்து இக்கடைவீடுகளைக் காணவே ஆட்கள் வருகிறார்கள். வந்து, அஞ்சடியில் வழியில்லாமல் வெயிலில் ரோட்டில் நடக்கிறார்கள். இன்னொன்றும் கண்டேன். என் கடை வாசலில் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை நின்றது எந்த வாடிக்கைக்காரரின் வண்டியும் அல்ல, என் வண்டி. வாடிக்கைக்காரர் வந்து நிறுத்த இடமில்லை என்று புலம்பியவனும் நானே, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் நானே.

பெரியவரைப் பார்க்க நான் வீட்டுக்குப் போனது நான்கு வாரம் கழித்துத்தான். முகத்தில் விழிக்கத் தைரியமில்லை. கட்டிலில் சாய்ந்திருந்தவர், "வாங்க தம்பி, கடை எப்படி" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "மாமா, என் வேனும் என் மூட்டையும்தான் காரணம். நான்தான் உங்களை இறங்கச் சொன்னேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

"தெரியும் தம்பி. அந்த மோட்டார் பையன் ரெண்டு தடவை ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்துட்டான். நீங்க எப்ப வருவீங்கன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு, "மன்னிச்சுட்டேன். ஆனா அந்த வழியை விட்டுடுங்க. அடுத்தவங்க வருவாங்க" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, அவர் மகள் தேநீர் கொண்டுவந்தார், குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். பெருமைக்காக அல்ல, செய்தால் என்ன செலவு, என்ன சிரமம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வேனை மாத வாடகைக்கு ஒரு நிறுத்துமிடத்தில் விடுகிறேன். அங்கிருந்து கடைக்கு ஆறு நிமிட நடை. அந்தப் பணம் மாதாமாதம் கையைக் கடிக்கத்தான் செய்கிறது. சரக்குக் காலை எட்டு மணிக்குள் இறங்க வேண்டும் என்று மொத்தக் கடைக்காரர்களிடம் கேட்டேன். ஒருவர் ஒப்புக்கொண்டார். இன்னொருவர், "உங்க ஒரு கடைக்காக லோரி ரூட்டை மாத்த முடியாது பாய்" என்று சொல்லிவிட்டார். அவரோடு பல நாள் பேசி, கூட்டம் குறைகிற மூன்று மணிக்கு வர வைத்தேன். லோரி நிற்கிற நேரம் முழுதும் கடைப் பையன் ஒருவன் ரோட்டுப் பக்கம் நிற்பான். மூட்டைகள் அஞ்சடியில் தங்காமல் நேரே உள்ளே போகும். காலையில் சீக்கிரம் வருகிற பையனுக்குக் கூடுதலாகக் கூலி கொடுக்கிறேன்.

அஞ்சடியில் நான்கடி அகலத்துக்கு இரண்டு மஞ்சள் கோடு போட்டேன். சக்கர நாற்காலி தடையில்லாமல் போக மூன்றடியாவது வேண்டும். கையில் பையோடு எதிரே வருகிறவர் ஒதுங்க ஓரடி கூட இருக்கட்டும் என்று வைத்தேன். கோட்டுக்குள் எதையும் வைக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். பையன்கள் மறந்து டின்னை வைத்துவிடுகிறார்கள், நானும் மறக்கிறேன். பக்கத்து இரும்புக் கடைச் சீனத் தவுக்கே முதலில் சிரித்தார். இப்போது ஏணிகளைப் படுக்க வைக்காமல் சுவரில் சாத்தி வைக்கிறார். அதற்கடுத்த கடையில் இன்றும் ஐந்து மோட்டார் சைக்கிள் அஞ்சடி மேலேதான் நிற்கின்றன. எங்கள் இரண்டு கடையைத் தாண்டினால் நடப்பவர் இறங்கத்தான் வேண்டும். தெருவே சேர்ந்தால்தான் இது தீரும்; அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக ஜும்ஆ விஷயம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் நம் பள்ளிவாசலைச் சுற்றி இரண்டு வரிசை, சில இடங்களில் மூன்று வரிசை வண்டிகள் நிற்கின்றன. தொழ வந்தவர்கள்தானே என்று ஊராரும் பொறுத்துக்கொள்கிறார்கள். நம் பெரியவர் இப்போது நாலுகால் ஊன்றுகோலில்தான் நடக்கிறார். கடைக்குக் கடை ஏறி இறங்குகிற அஞ்சடியில் அவரால் இனி நடக்க முடியாது. மற்ற நேரத் தொழுகைகளை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார். ஜும்ஆவுக்கு மட்டும் பேரன் காரில் அழைத்து வருகிறான். வாசலருகே ஊனமுற்றோருக்கென்று குறித்த இடம் ஒன்று இருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை அங்கே ஒரு வெள்ளைக் கார் நின்றது. நம் சங்கத்து உறுப்பினர் ஒருவருடையது. யார் என்று அவருக்குத் தெரியும். பேரன் ரோட்டின் நடுவில் காரை நிறுத்தி, பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடிக்க, பெரியவரை இறக்கினான். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டி எண்ணைத் தொழுகைக்குப் பின் ஒலிபெருக்கியில் வாசிப்பதால் பயனில்லை. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிடும். ஆகவே வரும் வெள்ளிக்கிழமை முதல் பன்னிரண்டரை மணியிலிருந்து முதல் பாங்கு வரை நான் வாசல் முனையில் நிற்கப் போகிறேன். அந்தக் குறித்த இடத்தையும் இரண்டு தெரு முனைகளையும் காலியாக வைத்திருக்க மூன்று பேர் வேண்டும். நான் ஒருவன்; என் மூத்த மகன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். இன்னும் ஒருவர் தேவை. விருப்பமுள்ள சகோதரர் வியாழக்கிழமை மாலைக்குள் கடைக்கு வந்து சொன்னால் போதும்.

வஸ்ஸலாம்.